பரம்பரையில் வரும் கொலஸ்டிரால்

மாரடைப்பு என்றதும் நம் மனக்கண்முன் எழும் உருவம் ஏறக்குறைய ஒன்றுதான். ஐம்பது வயதைத் தாண்டியவர், சற்றே பருத்த உடல், கையில் சிகரெட், ஓயாத அலுவல், ஓயாத கவலை. ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கு மாரடைப்பு வரக்கூடுமா? வரும். சிகரெட்டைத் தொடாத, அலுவலகம் போகாத, அளவுக்கு மீறி உண்ணாத குழந்தைக்கும் வரும். மிகமிக அரிதான இந்த நிகழ்ச்சியை ஆராயப் புகுந்ததனால்தான் நம் எல்லோருடைய இருதயத்தைப் பற்றியும் மருத்துவ உலகம் ஒரு பெரிய உண்மையைத் தெரிந்துகொண்டது.

இத்தகைய குழந்தைகளை ஒருமுறை பார்த்த மருத்துவர் எளிதில் மறப்பதில்லை. முழங்கை, முழங்கால், விரலிடுக்கு, குதிகாலின் பின்புறம் ஆகிய இடங்களில் மஞ்சள் நிறக் கட்டிகள் தோன்றும். முதியவர் கண்ணில் காணப்படுவது போன்ற வெண்ணிற வளையம் கருவிழியைச் சுற்றிப் படர்ந்திருக்கும். கட்டியை அறுத்துச் சோதித்தால் உள்ளே இருப்பது கொலஸ்டிரால். இரத்தத்தைச் சோதித்தாலோ, 100 மில்லி லிட்டரில் 200 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டிய கொலஸ்டிரால் 600, 800, சிலரிடம் 1,000 மில்லிகிராமைக்கூடத் தாண்டியிருக்கும். தக்க மருத்துவம் கிடைக்காவிட்டால் இவர்களிற் பலர் முப்பது வயதைக் காண்பதில்லை.

கொலஸ்டிரால் ஒரு நஞ்சு என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. நம் உடலின் ஒவ்வொரு செல்லின் மேலுறையிலும் அது இருக்கிறது. பித்தநீர் உண்டாவதற்கும், பல ஹார்மோன்கள் உண்டாவதற்கும் அதுவே மூலப்பொருள். முதலில் அது கண்டெடுக்கப்பட்டது பித்தப்பைக் கற்களிலிருந்து. அதனால்தான் பிரெஞ்சு வேதியியலார் ஷெவ்ரெல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பித்தம், திடப்பொருள் என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்குப் பெயரிட்டார். உணவில் கொலஸ்டிரால் சிறிதும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. நமக்கு வேண்டியதை ஈரலும் மற்றச் செல்களும் தாமே தயாரித்துக்கொள்ளும்.

இதன்மீது முதன்முதலில் ஐயம் விழுந்தது 1910இல். ஜெர்மன் வேதியியலார் அடால்ஃப் வின்டவுஸ், தடித்துக் கெட்டியான பெருந்தமனியின் சுவரில் கொலஸ்டிரால் இயல்பைவிடப் பன்மடங்கு படிந்திருப்பதைக் கண்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, ரஷ்யாவில் நிக்கொலாய் அனிச்கோவ் என்னும் இளம் விஞ்ஞானி தம் துணைவர் ஒருவருடன் சேர்ந்து, கொலஸ்டிராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்கு ஊட்டினார். சில மாதங்களில் முயல்களின் தமனிகளில் மனித நோயைப் போன்ற படிவுகள் தோன்றின.

இத்துடன் வழக்கு முடிந்திருக்கவேண்டும் என்று தோன்றும். முடியவில்லை. முயல் புல் தின்னும் பிராணி. அதற்குக் கொலஸ்டிரால் ஊட்டுவது இயற்கைக்கு மாறானது என்றனர் சிலர். எலிக்கும் நாய்க்கும் ஊட்டிப் பார்த்தபோது அப்படி ஒன்றும் நேரவில்லை. எனவே மனிதனின் நோய்க்கும் கொலஸ்டிராலுக்கும் உள்ள தொடர்பு வெறும் உடனிகழ்ச்சியா, உண்மையான காரணமா என்ற வாதம் அரை நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது. இந்த வாதத்தைத் தீர்த்துவைத்த சாட்சிகள் சில குடும்பங்கள்.

ஆஸ்லோவும் பெய்ரூட்டும்

1938ஆம் ஆண்டு. நார்வே நாட்டின் தலைநகரான ஆஸ்லோவில் கார்ல் முல்லர் என்னும் மருத்துவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். தசைநாண்களில் மஞ்சள் கட்டி, இரத்தத்தில் மிகுதியான கொலஸ்டிரால், இளமையிலேயே மார்புவலி ஆகிய மூன்றும் சில குடும்பங்களில் ஒன்றாகவே வருகின்றன. ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு இறங்குகின்றன என்று பதினேழு குடும்பங்களை ஆதாரமாகக் காட்டினார். இருதய நோய் உணவாலும் வயதாலும் வருவது என்று நம்பியிருந்த காலத்தில், பெற்றோரிடமிருந்து பெறும் ஒரே ஒரு ஜீனின் கோளாறு அதனைத் தோற்றுவிக்கும் என்பது துணிவான கூற்று. முல்லர் நுட்பமான கருவி எதனையும் பயன்படுத்தவில்லை. நோயாளியின் தந்தை எப்படி இறந்தார், அண்ணனுக்கு முழங்கையில் கட்டி உண்டா என்று பொறுமையாகக் கேட்டறிந்தார், அவ்வளவே. இன்றும் மருத்துவரின் கையிலுள்ள மலிவான, பிழையற்ற கருவி அதுதான் என்பது என் கருத்து.

அடுத்த படி லெபனானில் நிகழ்ந்தது. பெய்ரூட்டிலுள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவேதிஸ் கச்சதூரியன், இந்நோய் கண்ட குடும்பங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1964இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அத்தை மகள், மாமன் மகள் என்று நெருங்கிய உறவில் மணம் செய்யும் வழக்கம் நமக்குப் புதிதன்று. லெபனானிலும் அத்தகைய வழக்கம் உண்டு. அதனால் பிற நாடுகளில் காணக் கிடைக்காத ஒரு காட்சி அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஒவ்வொரு ஜீனும் நமக்கு இரண்டிரண்டாக வாய்க்கிறது. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. கச்சதூரியன் கண்ட குடும்பங்களில் மனிதர்கள் மூன்று பிரிவாகப் பிரிந்து நின்றனர். இரண்டு ஜீன்களும் நல்லவையாக இருந்தவர்களின் கொலஸ்டிரால் இயல்பான அளவு. ஒன்று மட்டும் பழுதானவர்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு. இவர்களுக்கு நாற்பது, ஐம்பது வயதில் மாரடைப்பு. இரண்டுமே பழுதானவர்களுக்கு நான்கு மடங்கு அளவில். இவர்களே நாம் தொடக்கத்தில் கண்ட குழந்தைகள். அத்தகைய குழந்தையின் தாயும் தந்தையும் வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருப்பர். ஆனால் இருவரிடமும் ஒவ்வொரு பழுதான ஜீன் ஒளிந்திருக்கும். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பழுதுகளும் சேர்ந்து வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

நோய் ஜீனால் வருகிறது என்பது உறுதியாயிற்று. ஆனால் அந்த ஜீன் செய்யவேண்டிய வேலை என்ன? அது தெரியாதவரை மருத்துவர் செய்யக்கூடியது ஏதுமில்லை.

இரு நண்பர்கள்

மைக்கேல் பிரௌனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1966இல் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் பயிற்சி மருத்துவர்களாகச் சேர்ந்தபோது நண்பர்களானவர்கள். பின்னர் இருவரும் அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிலையங்களில் பணியாற்றினர். டொனால்டு பிரெடெரிக்சன் அங்கே இத்தகைய குழந்தைகளைக் கவனித்து வந்தார்; அக்குழந்தைகளைக் கண்ட பின் இந்தப் புதிரை விடுவதற்கு நண்பர்களுக்கு மனம் வரவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் டெக்சஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தை அமைத்துக்கொண்டனர். அன்றுமுதல் பல பத்தாண்டுகள் இருவர் பெயரும் பிரிக்கமுடியாதபடி ஒன்றாகவே அச்சேறின.

அவர்கள் எதனை ஆராய்ந்தனர் என்பதைப் புரிந்துகொள்ள, கொலஸ்டிரால் இரத்தத்தில் எவ்வாறு பயணம் செய்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். எண்ணெய் நீரில் கரையாதது போலவே கொலஸ்டிராலும் இரத்தத்தில் கரையாது. ஆகவே அது புரதம் போர்த்திய மிகச் சிறு உருண்டைகளில் ஏறிச் செல்கிறது. கலிபோர்னியாவில் ஜான் கோஃப்மன், மிக வேகமாகச் சுழலும் எந்திரத்தின் உதவியால் இந்த உருண்டைகளை அவற்றின் அடர்த்திக்கேற்பப் பிரித்துக் காட்டியிருந்தார். அவற்றுள் எல்.டி.எல். எனப்படும் அடர்த்தி குறைந்த வகையே நம் கதைக்கு முக்கியமானது. நோய்வாய்ப்பட்ட குழந்தைகளின் இரத்தத்தில் மிதமிஞ்சி நிற்பது இதுதான்.

நண்பர்கள் தொடக்கத்தில் கொண்ட ஊகம் எளிமையானது. செல்லுக்குள் கொலஸ்டிரால் தயாராவது ஏறத்தாழ முப்பது படிகள் கொண்ட வேலை. அதில் ஒரு படியை நடத்தும் நொதிதான் முழு வேலைக்கும் கடிவாளம். கொலஸ்டிரால் போதுமான அளவு சேர்ந்துவிட்டால் அந்த நொதியின் வேலை நின்றுவிடும். நோயாளிகளிடம் இந்தக் கடிவாளம் அறுந்திருக்கவேண்டும். நொதி நிற்காமல் வேலை செய்துகொண்டே போவதால்தான் இரத்தத்தில் கொலஸ்டிரால் பெருகுகிறது என்று நினைத்தனர்.

நோயாளியின் ஈரலை வெட்டியெடுத்துச் சோதிக்க முடியாது. ஆனால் தோலில் கடுகளவு எடுத்து, அதிலுள்ள செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்க்க முடியும். இயல்பான மனிதரின் தோல் செல்களை வளர்த்து, அவற்றைச் சூழ்ந்த திரவத்திலிருந்து எல்.டி.எல்.லை நீக்கினர், நொதியின் வேலை மும்முரமாயிற்று. எல்.டி.எல்.லைத் திரும்பச் சேர்த்தனர். நொதி அடங்கிப் போயிற்று. அடுத்து நோயாளியின் செல்களை எடுத்தனர். எல்.டி.எல். இருந்தாலும் இல்லாவிட்டாலும் நொதி அடங்கவில்லை. இயல்பான செல்லைப் போல் 40 முதல் 60 மடங்கு வேகத்தில் வேலை செய்தது. ஊகம் மெய்யாகிவிட்டது போலத் தோன்றியது. 1973இல் இதனை வெளியிட்டனர்.

பலர் இந்த இடத்திலேயே ஆராய்ச்சியை முடித்திருப்பர். இவர்கள் இன்னொரு கேள்வி கேட்டனர். கொலஸ்டிராலை உருண்டையில் ஏற்றி அனுப்பாமல், ஆல்கஹாலில் கரைத்து நேராகச் செல்லின்மீது ஊற்றினால் என்ன ஆகும்? ஆல்கஹாலில் கரைந்த கொலஸ்டிரால் எவர் துணையுமின்றிச் செல்லின் உறை வழியே உள்ளே புகுந்துவிடும். அப்படிச் செய்தபோது, நோயாளியின் செல்லிலும் நொதி உடனே அடங்கியது! கடிவாளம் அறுபடவில்லை, நொதி நன்றாகவே இருக்கிறது. எல்.டி.எல்.லில் ஏறி வந்த கொலஸ்டிரால் செல்லுக்குள் நுழைய முடியவில்லை என்பதே கோளாறு. பட்டினி கிடக்கும் செல், வாசலில் மூட்டை மூட்டையாக நெல் கிடப்பதை அறியாமல், உள்ளே தானே உற்பத்தியைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

அப்படியானால் செல்லின் மேலுறையில் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் கைபோன்ற ஏதோ ஒன்று இருக்கவேண்டும். 1974இல் கதிரியக்க அயோடினால் அடையாளமிட்ட எல்.டி.எல்.லைக் கொண்டு அதனைக் கண்டனர். இயல்பான செல்கள் அதனை இறுகப் பற்றின. ஒரு ஜீன் பழுதானவர்களின் செல்கள் பாதியளவே பற்றின. இரண்டும் பழுதான குழந்தைகளின் செல்கள் ஏறக்குறைய பற்றவே இல்லை. கச்சதூரியன் பெய்ரூட்டில் கண்ட மூன்று பிரிவுகள் அப்படியே கண்ணாடித் தட்டில் காட்சி தந்தன. இந்தக் கைக்கு ஏற்பி என்று பெயர். அது ஒரு புரதம். அதனைச் செய்ய ஆணையிடும் ஜீன் 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது.

ஏற்பிகள் செல்லின் மேற்பரப்பில் சிறு குழிகளில் கூடி நிற்கின்றன. எல்.டி.எல். உருண்டை வந்து ஒட்டியதும் குழி உட்புறமாகப் பிதுங்கி, ஒரு சிறு பையாகி உள்ளே போய்விடுகிறது. அங்கே உருண்டை உடைக்கப்பட்டு அதிலுள்ள சுமார் 1,500 கொலஸ்டிரால் மூலக்கூறுகள் செல்லுக்குக் கிடைக்கின்றன. ஏற்பியோ மேலே திரும்பி வந்து அடுத்த உருண்டைக்குக் காத்து நிற்கிறது. போய்வர ஏறத்தாழப் பத்து நிமிடம். உடலிலுள்ள ஏற்பிகளில் பெரும்பங்கு ஈரலில் இருக்கிறது. சராசரி எல்.டி.எல். உருண்டை இரத்தத்தில் சுமார் இரண்டரை நாள் உலவும். ஏற்பிகள் பாதியாகிவிட்டாலோ அது ஏறத்தாழ இருமடங்கு காலம் இரத்தத்திலேயே தங்கி, தமனிச் சுவரில் படிய வாய்ப்புப் பெறுகிறது.

ஓர் எழுத்துப் பிழை

பழுது என்று இதுவரை பொதுவாகச் சொல்லி வந்தோம். அது எத்தகைய பழுது? இங்கேதான் மரபு வேற்றுமை என்பதன் உட்பொருள் விளங்குகிறது. ஒரே நோய்தான்; ஆனால் ஒவ்வொரு குடும்பத்திலும் பிழை வெவ்வேறு இடத்தில். சிலரிடம் ஏற்பி உண்டாவதே இல்லை. சிலரிடம் உண்டானாலும் செல்லின் மேற்பரப்புக்கு வந்து சேருவதில்லை. வந்து சேர்ந்தும் எல்.டி.எல்.லைப் பற்ற முடியாதவை சில.

இவற்றுள் விந்தையானது ஒரு சிறுவனிடம் கண்டது. அவன் செல்களில் ஏற்பி இருந்தது; எல்.டி.எல்.லைப் பற்றவும் செய்தது. ஆனால் உள்ளே மட்டும் போகவில்லை. 839 அமினோ அமிலங்கள் கோத்த அந்தப் புரதச் சங்கிலியில் 807ஆம் இடத்தில் டைரோசினுக்குப் பதில் சிஸ்டீன் என்னும் வேறோர் அமிலம் உட்கார்ந்திருந்தது. ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு இது. ஏற்பிகள் குழிக்குள் சென்று கூடுவதற்கு அந்த இடமே அடையாளச் சீட்டு என்பது இச்சிறுவனால் தெரிந்தது. இந்த ஜீனில் இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வேறுபாடுகள் பதிவாகியிருக்கின்றன.

லெபனான் குடும்பங்களில் பெரும்பாலும் காணப்படும் பிழை 1987இல் வெளிப்பட்டது. ஏற்பிக்கான ஆணையின் நடுவே, 660ஆம் அமினோ அமிலம் வரவேண்டிய இடத்தில், ‘நிறுத்து’ என்னும் குறி விழுந்திருந்தது. அச்சுக் கோப்பவர் வாக்கியத்தின் நடுவில் முற்றுப்புள்ளி வைத்ததைப் போல! தென்னாப்பிரிக்காவின் டச்சு வழிவந்த மக்களிடையேயும், கனடாவின் பிரெஞ்சு மொழி பேசும் மக்களிடையேயும் இந்நோய் பிற இடங்களைவிட மிகுதி. சில நூறாண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்து குடியேறிய மிகச் சிலருள் எவரோ ஒருவர் கொண்டுவந்த பிழை, அவர் வழித்தோன்றல்கள் பெருகப் பெருகத் தானும் பெருகியது.

பிராணிகளிடமும் இக்கோளாறு உண்டா? ஜப்பானில் கோபே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஷியோ வதனபே 1973இல் தம் முயல்களில் ஒன்றின் இரத்தத்தில் கொழுப்பு அளவின்றி இருப்பதைக் கவனித்தார். அதன் சந்ததியைப் பல ஆண்டுகள் பேணி வளர்த்து, பிறவியிலேயே இந்நோயுடைய ஒரு முயல் இனத்தை உண்டாக்கினார். இம்முயல்கள் சாதாரணத் தீனியே தின்றன. ஆயினும் தமனிகள் அடைபட்டன. அனிச்கோவின் முயல்களைக் குறைகூறியவர்களுக்கு இதுவே விடை. கொலஸ்டிராலை வாய்வழி ஊட்டினாலும், ஏற்பி பழுதாகி அது இரத்தத்தில் தேங்கினாலும் முடிவு ஒன்றே. இம்முயலின் ஜீனில் காணாமற்போனது பன்னிரண்டு எழுத்துகள். அதனால் ஏற்பியில் குறைந்தது நான்கே நான்கு அமினோ அமிலங்கள்.

1985ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பிரௌனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் வழங்கப்பட்டது.

பூஞ்சைக் காளான் தந்த மருந்து

ஜப்பானில் அகிரா எண்டோ என்பவரின் முயற்சி இதே ஆண்டுகளில் தனியே நடந்துகொண்டிருந்தது. பெனிசிலின் கண்ட பிளெமிங் அவருக்கு இளமையிலிருந்தே வழிகாட்டி. பூஞ்சைக் காளான்கள் தம் பகைவர்களை ஒடுக்கப் பலவகை இரசாயனப் பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றுள் ஒன்று கொலஸ்டிரால் தயாரிக்கும் நொதியை ஒடுக்கக்கூடாதா என்று அவர் எண்ணினார். தோக்கியோவிலுள்ள சாங்க்யோ மருந்து நிறுவனத்தில் 1971இல் தொடங்கி ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களைச் சலித்தெடுத்தார். 1973இல், கியோத்தோ நகரின் தானியக்கடை அரிசியிலிருந்து எடுத்த நீலப்பச்சைப் பூஞ்சணத்தில் அவர் தேடியது கிடைத்தது. காம்பாக்டின் என்று பெயரிட்டனர்.

எலிக்குக் கொடுத்தனர், கொலஸ்டிரால் குறையவில்லை. மருந்து நிறுவனங்களில் எலியிடம் தோற்ற மருந்தைக் குப்பையில் போடுவதே வழக்கம். எண்டோ விடவில்லை. முட்டையில் கொலஸ்டிரால் ஏராளம். ஆகவே முட்டையிடும் கோழியின் இரத்தத்திலும் அது தாராளமாக இருக்கவேண்டும் என்ற எண்ணத்தில் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். கொலஸ்டிரால் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

மனிதருள் யாருக்கு முதலில் தருவது? நலமாக இருப்பவருக்குப் புதிய மருந்தைக் கொடுத்துப் பார்க்க எவரும் துணியமாட்டார். 1978இல் ஒசாகாவில் மருத்துவர் அகிரா யமமோத்தோ, இரண்டு ஜீன்களும் பழுதான 18 வயதுப் பெண் ஒருத்திக்குக் காம்பாக்டினைத் தந்தார். வேறு வழியின்றி நின்றவள் அவள். கொலஸ்டிரால் இறங்கியது, ஆனால் தசைகள் வலுவிழந்தன. மருந்தை நிறுத்தி, பின்னர் அளவைக் குறைத்துக் கொடுத்தனர். ஒரு ஜீன் மட்டும் பழுதான நோயாளிகளுக்குக் கொடுத்தபோது சராசரியாகக் கால் பங்குக்கு மேல் கொலஸ்டிரால் குறைந்தது.

1980இல் இடி விழுந்தாற்போல் ஒரு செய்தி. மிக அதிக அளவில் மருந்து கொடுத்த நாய்களிடம் புற்றுநோயை ஒத்த மாற்றம் கண்டதாக ஐயம் எழ, சாங்க்யோ நிறுவனம் காம்பாக்டினைக் கைவிட்டது. இதனையொத்த லோவாஸ்டாடின் என்னும் பொருளை வேறொரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்திருந்த அமெரிக்க மெர்க் நிறுவனமும் தன் சோதனைகளை நிறுத்தி வைத்தது. அன்று அதனை மீட்டவர்கள் பரம்பரை நோயாளிகளே எனலாம். மற்ற மருந்துகளுக்கு வசப்படாத அவர்களுக்காக அமெரிக்க மருத்துவர் சிலர் லோவாஸ்டாடினைக் கேட்டு வாங்கிக் கொடுத்துப் பார்த்தனர். பலன் சிறப்பாக இருந்தது. அஞ்சிய தீங்கு நேரவில்லை. 1987இல் அமெரிக்க அரசு அம்மருந்துக்கு அனுமதி தந்தது. 1994இல் 4,444 இருதய நோயாளிகளைச் சுமார் ஐந்தாண்டு கவனித்த ஸ்காந்திநேவிய ஆய்வு, இவ்வகை மருந்து இறப்பை 30 விழுக்காடு குறைப்பதாகக் காட்டியபின் வாதம் ஓய்ந்தது. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் விழுங்கும் ஸ்டாடின் மாத்திரைகளின் பிறப்பு இதுதான். எண்டோ 2024இல் காலமானார்.

ஸ்டாடின் வேலை செய்யும் விதத்தை டல்லஸ் நண்பர்களே விளக்கினர். நொதி முடங்கியதும் செல்லுக்குள் கொலஸ்டிரால் குறைகிறது. அதனை ஈடுசெய்ய, செல் மேற்பரப்பில் ஏற்பிகளைக் கூட்டுகிறது. அவை இரத்தத்திலுள்ள எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கின்றன. ஒரு ஜீன் நல்லதாக உள்ளவரிடம் அந்த ஒரு ஜீனே இருவர் வேலையைச் செய்கிறது. நல்ல ஜீன் ஒன்றுகூட இல்லாத குழந்தைக்கு இதனால் பெரும்பயன் இல்லை. அத்தகைய ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு, 1984 பிப்ரவரி 14ஆம் நாள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் தாமஸ் ஸ்டார்ஸல் குழுவினர் இருதயத்தையும் ஈரலையும் ஒரே சமயத்தில் மாற்றிப் பொருத்தினர். பழுதடைந்தது இருதயம், ஆனால் பழுதின் ஊற்று ஈரல். புதிய ஈரலின் ஏற்பிகளால் அவள் கொலஸ்டிரால் 1,000 மில்லிகிராமுக்கு மேலிருந்து மளமளவென இறங்கியது. அவள் மேலும் ஆறாண்டுகள் வாழ்ந்து 1990இல், 13ஆம் வயதில் இறந்தாள்.

நன்மை செய்யும் பிழை

பிழை என்றால் தீமைதான் என்பதில்லை. பிரான்சு நாட்டில் சில குடும்பங்களில் நோய் அப்படியே இருந்தது. ஏற்பி ஜீனோ குற்றமற்றதாக இருந்தது. 2003இல் பாரிசில் காதரின் புவாலோவும் பெய்ரூட்டைச் சேர்ந்த மரியான் அபிஃபாதலும், மான்ட்ரியாலில் நபீல் செய்தாவும் சேர்ந்து குற்றவாளியை 1ஆம் குரோமோசோமில் கண்டனர். பி.சி.எஸ்.கே.9 என்பது அதன் பெயர். இந்த ஜீன் செய்யும் புரதம் ஏற்பியைப் பற்றிக்கொண்டு, அதனை மேலே திரும்பவிடாமல் செல்லின் குப்பைக்கிடங்குக்கு அனுப்பிவிடுகிறது. அக்குடும்பங்களில் அப்புரதம் அளவுக்கு மீறிச் சுறுசுறுப்பாக இருந்தது.

இதைப் படித்த டல்லஸ் விஞ்ஞானிகள் ஹெலன் ஹாப்ஸ், ஜொனதன் கோஹென் இருவரும் தலைகீழாகச் சிந்தித்தனர். அப்புரதம் வேலை செய்யாமற்போனால்? அத்தகையோரின் எல்.டி.எல். பிறவியிலேயே குறைவாக இருக்கவேண்டுமே! தேடினர், கிடைத்தனர். ஆப்பிரிக்க வழிவந்த அமெரிக்கரில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேரிடம் இந்த ஜீன் செயலற்றிருந்தது. 15 ஆண்டுக் காலக் குறிப்புகளைப் புரட்டி 2006இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு மருத்துவ உலகை நிமிர்ந்து உட்காரச் செய்தது. இத்தகையோரின் எல்.டி.எல். 28 விழுக்காடு குறைவு; இருதயத் தமனி நோயோ 88 விழுக்காடு குறைவு. ஐம்பது வயதில் தொடங்கும் மாத்திரையைவிடப் பிறந்த நாள் முதல் கிடைக்கும் சிறு சலுகை எவ்வளவோ மேல் என்பது இதனால் விளங்கும். இரண்டு ஜீன்களும் செயலிழந்த 32 வயதுப் பெண் ஒருத்தியையும் கண்டனர். அவளது எல்.டி.எல். வெறும் 14 மில்லிகிராம். குழந்தைகளைப் பெற்று முழு ஆரோக்கியத்துடன் இருந்தாள். அவ்வியற்கையைப் பின்பற்றி, அப்புரதத்தைத் தடுக்கும் ஊசிமருந்துகள் 2015 முதல் வழக்கிற்கு வந்தன. விலைதான் எளியவர்க்கு எட்டாதது.

இவையெல்லாம் தனி ஜீன் ஒன்றின் கதைகள். சாதாரண மாரடைப்பில் பெரும்பாலானவை அவ்வாறு ஒரே ஜீனால் வருவன அல்ல. 2007இல் ஐஸ்லாந்திலும் கனடாவிலும் இரு குழுவினர் 9ஆம் குரோமோசோமில் ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டினர். அங்குள்ள வேறுபாடு ஐரோப்பியரில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் இரட்டையாகவே இருக்கிறது. ஆனால் அது கூட்டும் அபாயம் மிதமானது, கொலஸ்டிராலைத் தொடுவதுமில்லை. இதுபோன்று இருநூறுக்கும் மேற்பட்ட இடங்கள் இப்போது தெரியவந்துள்ளன. ஒவ்வொன்றும் துளி; சேர்ந்தால் வெள்ளம்.

நம்மவர் பற்றிய ஒரு செய்தியையும் இங்கே குறிப்பிடவேண்டும். சிங்கப்பூரில் டாக்டர் தனராஜும் அவர் துணைவர்களும் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து 1959இல் வெளியிட்ட கட்டுரை, அங்கு வாழும் இந்தியரிடையே இருதயத் தமனி நோய் சீனரைவிடப் பன்மடங்கு மிகுதி என்று காட்டியது. அந்த இந்தியரில் பெரும்பாலோர் தமிழர். இதனைக் கேட்டவுடன் ‘நம் இரத்தத்திலேயே அது இருக்கிறது’ என்று சொல்லிக் கைகழுவிவிடுவோர் உண்டு. அது அவசர முடிவு. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான பெரிய ஆய்வில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு மற்றவரைவிட ஐந்தாறு ஆண்டு முந்தி வருவது தெரிந்தது. ஆனால் அதற்குப் பெரும்பகுதி காரணமாக நின்றவை புகையிலை, நீரிழிவு, இரத்த அழுத்தம், கொழுப்பு போன்ற எங்குமுள்ள காரணங்களே. அவை நம்மவரிடம் இளமையிலேயே சேர்ந்துவிடுகின்றன.

முல்லர் விவரித்த நோயைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 500 பேருக்கு ஒருவர் என்று முன்பு கணக்கிட்டிருந்தனர். இப்போதைய கணக்கு 250 முதல் 300 பேருக்கு ஒருவர். ஒரு ஜீன் பழுதான இவர்களுக்கு மலிவான ஸ்டாடின் மாத்திரையே பெரும்பாலும் போதும். தமக்கு நோய் இருப்பது தெரியவேண்டுமே! கட்டி எல்லோருக்கும் தோன்றுவதில்லை, வலி கிடையாது. முதல் அறிகுறி சில சமயம் மாரடைப்பாகவே இருந்துவிடுகிறது. ஆனால் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் அவருடன் பிறந்தோரில், பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதனைப் பெற்றிருப்பர். நெதர்லாந்து நாட்டில் 1994 முதல் 2014 வரை இந்த முறையில் குடும்பம் குடும்பமாகத் தேடினர். பயிற்சி பெற்ற பணியாளர்கள் உறவினர்களின் வீடுகளுக்கே சென்று, குடும்ப விவரம் கேட்டு, இரத்தம் எடுத்து ஜீனைச் சோதித்தனர். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பழுதான ஜீன் இருப்பது தெரிந்தது. அவர்களிற் பலர் அதுவரை ஒருநாளும் கொலஸ்டிராலுக்காக மருத்துவரிடம் போனதே இல்லை.